பதினெட்டு கிலோ அறுநூறு கிராம்

பதிவு 1 — 212ஆம் நாள், காலை 07:40

வெண்குழி நிலையம், நிலவின் தென்முனை. பதிவு செய்பவர் செண்பகவல்லி, பாதுகாப்பு அலுவலர், வயது நாற்பத்தாறு, சொந்த ஊர் கோவில்பட்டி.

இந்தப் பதிவைப் பின்னால் யாரோ படிப்பார்கள் என்று விதிமுறை சொல்கிறது. இதுவரை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. படிக்கிறவருக்கு வணக்கம். உங்களுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

இன்றைய வேலை: முப்பது கிலோமீட்டர் தள்ளி, மேட்டில் இருக்கும் அதிர்வுக் கருவியை மாற்ற வேண்டும். வண்டி ஓட்டுவது ரெமிஜியுஸ், இருபத்தெட்டு வயது, மணப்பாட்டுக்காரன். என்னை "எக்கா" என்பான். நன்றாக ஓட்டுவான், அதிகமாகப் பேசுவான்.

அவசரகால முதுகுப்பை வாசல் கொக்கியில் தொங்குகிறது. கொக்கிதான் தராசு. 18.6 கிலோ காட்டினால் பச்சை விளக்கு எரிந்து வெளிக்கதவு திறக்கும். குறைந்தால் சிவப்பு, கதவு திறக்காது. மாதம் ஒருமுறை பையைத் திறந்து பொருள்களைப் பார்த்து நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டிருக்கிறேன்.

பை: 18.6. பச்சை. சரிபார்த்தேன். கிளம்புகிறோம்.

பதிவு 2 — காலை 09:25

வண்டி கவிழ்ந்துவிட்டது. பள்ளத்தின் ஓரம் உறுதியாகத்தான் தெரிந்தது, சக்கரம் ஏறியதும் இடிந்து விழுந்தது. ரெமி மேல் தப்பில்லை. வண்டியில் மின்சாரமும் செத்துவிட்டது, ஆன்டெனா அடியில் நசுங்கிக் கிடக்கிறது. நிலையத்தோடு பேச வழியில்லை. எங்கள் ஹெல்மெட் ரேடியோ எங்கள் இருவருக்குள் மட்டும்தான்.

எனக்கு அடியில்லை. ரெமிக்கு இடது முழங்கால் வலி. அது பெரிய விஷயமில்லை. அவன் போட்டிருக்கும் விண்வெளி சூட்டின் பேட்டரி விரிசல் விட்டுவிட்டது, அதுதான் விஷயம். சூட்டுக்குள் காற்றைச் சுழற்றிச் சுத்தம் செய்யும் விசிறி அந்தப் பேட்டரியில் ஓடுகிறது. ஆக்சிஜன் எவ்வளவு இருந்தாலும், விசிறி நின்றால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டியதுதான். இன்னும் இரண்டு மணி ஐம்பது நிமிடம் ஓடும் என்று காட்டுகிறது.

ரேடியோவும் கட்டிலும் உள்ள இடைக்குடில் இங்கிருந்து பதின்மூன்று கிலோமீட்டர். நடந்தால் ஐந்து மணி நேரம்.

என் சூட் நன்றாக இருக்கிறது. ஆனால் சூட்டில் இருக்கும் சார்ஜ் துளை மின்சாரத்தை வாங்கும், கொடுக்காது. வடிவமைத்தவர் நன்றாக இருக்கட்டும்.

பையில் ஒரு பவர் பேங்க் இருக்க வேண்டும். அதைச் சூட்டில் செருகினால் விசிறி நான்கு மணி நேரம் ஓடும். பிழைத்துக்கொள்வான்.

ரெமி கேட்டான்: "பவர் பேங்க் இருக்கும்லாக்கா?"

"இருக்கும்" என்றேன்.

பதிவு 3 — காலை 09:55

நடக்கத் தொடங்கிவிட்டோம். பை என் முதுகில். ரேடியோவை அணைத்துவிட்டு முணுமுணுக்கிறேன், ஹெல்மெட் பதிந்துகொள்கிறது.

நடக்கக் கிளம்புமுன் பையின் பெரிய அறையைத் திறந்தேன். ஆக்சிஜன் குப்பி இரண்டும் இருந்தன. அவை சங்கிலியில் பூட்டியவை, இல்லாவிட்டால் அவற்றையும் எவனாவது பூச்செடி வைக்க எடுத்திருப்பான்.

பல்கருவிக் கத்தி இல்லை. அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு நிலாக்கல். கல்லில் ஒட்டிய சீட்டு: "மருந்துப் பெட்டி பூட்டு திறக்கலை. கத்தி எடுத்திருக்கேன், நாளைக்கு வச்சிடறேன். சுபைதா." எங்கள் டாக்டர். சீட்டில் இருக்கும் தேதிக்கு ஐந்து மாதமாகிறது.

டார்ச் இல்லை. அங்கேயும் ஒரு கல். சீட்டுகூட இல்லை.

நான் கத்திவிட்டேன். பையைத் தராசு நிறுத்துப் பார்க்கும் என்பதால் எடைக்கு எடை கல்லை வைத்திருக்கிறார்கள்! படித்த கூட்டம். ஹாஸ்டலில் பக்கத்து அறைக்காரனின் சோப்பை எடுக்கிற புத்தி நிலாவுக்கு வந்தும் போகவில்லை. சீட்டு எழுதி வைத்துவிட்டால் திருடினதாகாது என்று நினைப்பு. சீட்டு வைத்தவர்களாவது பரவாயில்லை, டார்ச்சை எடுத்தவனுக்கு அந்த மரியாதையும் இல்லை என்றேன்.

ரெமி ஒன்றும் சொல்லவில்லை. அவன் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. வலி போலிருக்கிறது.

கல்லை எல்லாம் தூக்கி எறிந்தேன்.

பதிவு 4 — காலை 10:45

இரண்டுக்கு மேல் ஆகவேண்டிய இடத்தில் ஒன்றரை கிலோமீட்டர்தான் வந்திருக்கிறோம். அவன் கால் இழுக்கிறது. முழங்காலில் சூட் உரசித் தேய்ந்திருக்கிறது. ஒட்டுநாடா சுற்றலாம் என்று பக்கவாட்டு அறையைத் திறந்தேன்.

இட்லிப் பொடி டப்பா.

சீட்டு: "சமையல் ரூம்ல பைப் ஒழுகுதுங்க. டேப் எடுத்துக்கறனுங்க. வெயிட்டுக்கு பொடி வெச்சிருக்கறன், நல்லெண்ணெய் தனியா கேட்டு வாங்கிக்கோங்க. குமரகுரு."

குமரகுரு கோபிச்செட்டிபாளையத்துக்காரன், நிலையத்தில் சமையலும் பழுதுபார்ப்பும் அவன் பொறுப்பு. ரெமியிடம் படித்துக் காட்டினேன். சிரித்தான். சிரிக்காதே, காற்றை வீணாக்காதே என்றேன். பையின் இடுப்புவாரை அறுக்கக் கத்தி இல்லாததால் அவிழ்த்து எடுத்து முழங்காலில் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். தாங்கும்.

விசிறிக்கு மிச்சம்: ஒன்றரை மணி.

மீதி இருப்பது ஒரே ஒரு சின்ன ஜிப். பவர் பேங்க் வைக்கிற இடம். சூட்டில் இருப்பது தீரும் தறுவாயில் மாட்டிக்கொள்ளலாம் என்று சொன்னேன். விதிமுறையில் அப்படி எதுவும் இல்லை, நானாகச் சொன்னது.

"ஆமாக்கா, கடைசியா பாப்போம். இப்ப நடப்போம்" என்றான்.

உடனே ஒத்துக்கொண்டான்.

பதிவு 5 — காலை 11:40

ஜிப்பைத் திறந்தேன். அவனைப் பாறை நிழலில் உட்காரவைத்து, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திறந்தேன்.

கல். ஒரு சீட்டு.

"இல்லையாக்கா?" என்றான்.

"இல்ல."

"யாரு எடுத்தது?"

"குமரகுரு" என்றேன். "அவன்தான் எடுத்திருக்கான். சண்டாளன்."

பிறகு சொன்னான்: "சரிக்கா. அவன ஒண்ணும் சொல்லாதீங்க. வேணும்னா எடுத்திருப்பான், திருப்பி வைக்க மறந்திருப்பான். மனுசன்தான."

சீட்டில் இருப்பது என் கையெழுத்து. "பவர் பேங்க் என்னிடம். ஞாயிறு வைத்துவிடுவேன். செண்பகவல்லி, பாதுகாப்பு அலுவலர்." பதவியை வேறு எழுதியிருக்கிறேன்.

என் அறையில் பிளக் பாயின்ட் கால்மாட்டில் இருக்கிறது. சார்ஜர் வயர் குட்டை. தலைமாட்டில் படுத்துக்கொண்டு போன் பார்க்க முடியவில்லை. காரணம் அவ்வளவுதான். ஒரு உயிர் போகிற அளவுக்கு ஒரு காரணம் வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்தால், இதுதான் அது. எடுத்து நான்கு மாதமாகிறது. அதற்குப் பிறகு நான்கு முறை "சரிபார்த்தேன்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

09:25க்கே எனக்குத் தெரியும். "இருக்கும்" என்று சொன்னபோதே தெரியும். மற்றவர்களின் சீட்டைப் பார்த்து அத்தனை சத்தம் போட்டதும் அதனால்தான். வேறு யாராவது என் அறையிலிருந்து எடுத்துப் பையில் வைத்திருக்க மாட்டார்களா என்று இரண்டு மணி நேரம் நடந்தேன். ஒருவர் பொருளை எடுத்த இடத்தில் வைக்கிற ஆள் எங்கள் நிலையத்தில் கிடையாது. நானே சாட்சி.

மிச்சம் முப்பத்தைந்து நிமிடம். குடில் பத்து கிலோமீட்டர்.

பதிவு 6 — பகல் 12:15

விசிறி நின்றுவிட்டது, மிச்சமிருக்கும் சொட்டு மின்சாரத்தில் ரேடியோ மட்டும் ஓடுகிறது. அவன் ஹெல்மெட்டில் சிவப்பு.

ஆக்சிஜன் குப்பியைத் திறந்து அவன் சூட்டுக்குள் காற்றை அடித்து வால்வு வழியாக வெளியே விடுகிறேன். கொஞ்சம் உதவுகிறது. ஒரு குப்பி பத்து நிமிடம் வரும்.

நடக்காதே என்றேன். தூக்கிக்கொண்டேன். இங்கே எடை ஆறில் ஒரு பங்குதான், அவனும் சூட்டும் சேர்ந்து ஒரு அரிசிப் பை கனம். இந்தக் கனத்தை மாடிப்படி ஏற்றியிருக்கிறேன். ஒன்பது கிலோமீட்டர் தூக்கியதில்லை.

பதிவு 7 — பகல் 12:50

இரண்டு குப்பியும் தீர்ந்தது.

ரெமி: "எக்கா தலை வலிக்கி."

ரெமி: "ஒங்க மேல கோவம் ஒண்ணும் இல்லக்கா."

வண்டி கவிழ்ந்ததற்கு என் மேல் ஏன் கோபப்பட வேண்டும், நீதானே ஓட்டினாய் என்று வேடிக்கையாகச் சொன்னேன். அவன் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. பிறகு அம்மாவிடம் பேசுவது போல ஏதோ பேசினான். படகு, வலை, யாரோ ஒரு ஜெசிந்தா. எனக்குப் புரியவில்லை. மூச்சு வேகமாக வருகிறது. நான் ஓடுகிறேன். இங்கே ஓட முடியாது, துள்ளத்தான் முடியும். துள்ளிக்கொண்டு ஓடுகிறேன்.

பதிவு 8 — பகல் 13:20

பேச்சு இல்லை. மூச்சுச் சத்தமும் இல்லை.

ரேடியோ கெட்டிருக்கலாம். பேட்டரியில்தானே ரேடியோவும். அப்படித்தான் இருக்கும். ரேடியோதான்.

நடக்கிறேன்.

பதிவு 9 — மாலை 16:15

இடைக்குடில். உள்ளே காற்று ஏற்றி அவன் ஹெல்மெட்டைக் கழற்றினேன். ரேடியோ கெடவில்லை. அவன்தான்.

நிலையத்தை அழைத்தேன். குமரகுரு எடுத்தான். வண்டி கவிழ்ந்தது, ரெமி சூட்டில் சார்ஜ் இல்லை, சீக்கிரம் வா என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. இரண்டாவது வண்டியின் சாவி என் அறையில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

இருபது நிமிடம் கழித்து அவனே அழைத்தான். அப்படியே தருகிறேன்:

"அக்கா, கேக்குதுங்களா? சாவி எடுத்தாச்சு, கெளம்பிட்டோம். உங்க தலகாணிக்கு அடியில ஒரு பவர் பேங்க் கெடந்துச்சுங்க. ஃபுல் சார்ஜ் இருக்குது. ரெமிக்கு ஆகும்னு அதையும் எடுத்துட்டு வர்றனுங்க. அவன்கிட்ட சொல்லுங்க, பயப்பட வேண்டாம்னு."

சொல்கிறேன் என்றேன்.

பதிவு 10 — மாலை 16:40

இந்தப் பதிவில் பொய் எழுதக்கூடாது என்று விதிமுறை. எழுதுகிறேன்.

சீட்டைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தேன். குமரகுரு மேல் பழி போடவும் வேண்டாம், யாரோ எடுத்தார்கள், சீட்டு இல்லை என்று சொல்லிவிடலாம். டார்ச்சுக்கும் சீட்டு இல்லையே, யார் கேட்கப் போகிறார்கள்? விசாரணை நடக்கும், எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், முடிந்தது. ஊரில் எனக்கும் பெண் இருக்கிறாள். இப்படியெல்லாம் யோசித்தேன். அவன் அங்கே கட்டிலில் கிடக்கிறான், நான் இங்கே உட்கார்ந்து இதை யோசித்தேன்.

பாதி கிழிக்கும்போது சீட்டின் பின்பக்கம் தெரிந்தது. கோழிக் கிறுக்கல் எழுத்து. பேனா அழுத்தி எழுதியது.

"எக்கா, டார்ச்ச நான் எடுத்திருக்கேன். எழுத பேப்பர் கெடைக்கல, அதான் ஒங்க சீட்டுலயே எழுதுதேன். பவர் பேங்க் நீங்க எடுத்தத யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்களும் என்ன சொல்லாதீங்க. ரெமி."

தேதி மூன்று வாரத்துக்கு முந்தையது.

அவனுக்குத் தெரியும். இருக்கும்லாக்கா என்று கேட்டபோது தெரியும், அதற்குள் நான் திருப்பி வைத்திருப்பேன் என்று நம்பிக் கேட்டிருக்கிறான். கடைசியாகப் பார்ப்போம் என்றபோது தெரியும். யாரு எடுத்தது என்று கேட்டான். கேட்டுவிட்டு நான் சொல்லட்டும் என்று காத்திருந்தான். நான் குமரகுரு என்றேன். சரிக்கா என்றான்.

சரிக்கா என்றானே.

என்னைத் திட்டியிருக்கலாம். நடக்கும் வழியெல்லாம் நேரம் இருந்தது. அரை மணி நேரம் நினைவோடு என் தோளில் கிடந்தான், காதோடு காதாகத் திட்டியிருக்கலாம். நான் சுமந்தேன் என்று இனி ஊரெல்லாம் சொல்வார்கள். தைரியமான பெண் என்பார்கள்.

பதிவு 11 — மாலை 17:35

வண்டியின் விளக்கு தெரிகிறது.

கிழிந்த சீட்டைச் சேர்த்துக் கல்லின் மேல் வைத்தேன். அவன் எழுத்துக்குக் கீழே இடம் இருந்தது. "சரிபார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏழு மாதத்தில் பையைத் திறந்து பார்த்துவிட்டுப் போட்ட கையெழுத்து இது ஒன்றுதான்.

ஜிப்பை மூடினேன். குடில் வாசலிலும் ஒரு கொக்கி இருக்கிறது. பையை மாட்டினேன். 9.1 காட்டியது. சிவப்பு.

குமரகுரு உள்ளே வந்ததும் முதலில் அந்த விளக்கைத்தான் பார்ப்பான். கையில் பவர் பேங்க் இருக்கும். பையைத் திறப்பான்.

திறக்கட்டும்.