படகு மிதந்த நாளில் அளந்த ஆறு

நலம் பெருகுக, நீர் நிலைபெறுக. எழுபது ஏரி உடைய செந்நுரை நாட்டின் வேந்தர் அறவேல் மன்னர் திருவாய் மலர்ந்தபடி, குவளைமாநகர் அரண்மனையிலிருந்து நீர்நிலை அமைச்சன் வெள்ளைச்சாத்தன் விடுக்கும் ஓலை. மேல்கரை நாட்டுத் தலைவரும், புனல் வென்றாரும், மேகம் பணிந்த மேலோரும், ஏட்டில் இடமின்மையால் இங்கே விடுபட்ட மேலும் பதினொரு பட்டங்களை உடையவருமாகிய கொற்றங்கீரனார் காண்க. தங்கள் நாட்டில் மக்களும் மாடுகளும் நலமே என்று நம்புகிறோம்; தாங்கள் அனுப்பியவற்றில் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததால் கேட்கிறோம்.

தங்கள் விண்ணப்ப ஏடுகள் நாற்பதும் வந்து சேர்ந்தன. முப்பத்தேழு தங்கள் குலப்பெருமை சொல்கின்றன. மீதி மூன்றில் ஆறு வருகிறது. செந்நுரையாற்றின் குறுக்கே பன்னிரண்டு முழ உயரத்தில் அணை கட்டி, உச்சியில் தங்கள் சிலையை நிறுத்தினால், மேல்கரையில் ஐந்நூறு வேலி நிலத்தில் இரண்டாம் போகம் விளையும், ஆண்டுக்கு ஐம்பதினாயிரம் கலம் நெல் கூடும், கீழே எவருக்கும் குறைவில்லை என்பது அவற்றின் சாரம். மன்னர் கேட்டு மகிழ்ந்தார். மகிழ்ந்த கையோடு, சரிபார்த்து வருமாறு நீராய்வாளன் சேந்தனை அனுப்பினார்.

ஆற்றை எப்போது அளந்தீர்கள் என்று சேந்தன் வினவ, ஐப்பசியில் என்றனர் தங்கள் அலுவலர். மற்ற மாதங்களில் ஏன் அளக்கவில்லை என்றதற்கு, குடையும் கொடியும் முரசும் ஏற்றிய தங்கள் அளவைப் படகு அப்போது தரைதட்டும் என்றும், படகின்றி ஆற்றில் இறங்குவது தங்கள் தகுதிக்கு இழுக்கு என்றும் விளக்கினராம். ஆக, படகு மிதந்த நாளில் மட்டுமே ஆறு அளக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் போகத்துக்கு நீர் வேண்டுவதோ தை முதல் சித்திரை வரை. இச்சித்திரையின் முதல் வாரம் சேந்தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான், கணுக்கால் நனைந்தது. அந்த நீர் நூற்றிருபது வேலிக்குக் காணும். பன்னீராயிரம் கலம் ஆதாயம்தான், மறுக்கவில்லை.

ஆனால் தாங்கள் கேட்கும் அணை அந்தக் கணுக்கால் நீரையும் முழுதாக மறிக்கும். கீழே கடலோரத்தில் உப்பங்கரை என்றொரு ஊர். அங்கே நீரின்றியும் கடலுப்பு ஏறியும் நூற்றெண்பது வேலி பாழாகும், பதினெண்ணாயிரம் கலம் போகும். இதை ஏன் எழுதவில்லை என்றதற்கு, அவ்வூர் மேல்கரையின் எல்லைக்கல்லுக்கு அப்பால் உள்ளது என்றார்களாம். ஆறு அந்தக் கல்லைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

உப்பங்கரையின் கடைசி மதகுக்குக் கீழே மூன்று மா நிலம் உழும் பூதி என்னும் பெண் சேந்தனிடம் கேட்டது இது: கல்யாணத்தன்று சாப்பிட்டுப் போனவர், இந்த வீட்டில் தினமும் பாயசம் என்று ஊரெல்லாம் சொன்னால் நாங்கள் என்ன ஐயா செய்வது? ஆற்றில் ஓட்டம் நின்றால் கடல் உள்ளே ஏறும், கிணறு கரிக்கும், அப்புறம் உங்கள் தலைவர் சிலையைப் பிழிந்துதான் நாங்கள் குடிக்க வேண்டும் என்றும் சொன்னாராம். பின்னதை மன்னர் இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

கூட்டிக் கழித்தால் நாட்டுக்கு ஆண்டுதோறும் ஆறாயிரம் கலம் நட்டம். அதற்கு அணை எதற்கு? அவ்வளவு நெல்லையும் நேரே ஆற்றில் கொட்டிவிடலாம்; கல் சுமக்கும் பாடாவது மிச்சம்.

பாசனமே வேண்டாம் என்பதல்ல எம் கருத்து. ஐப்பசி வெள்ளம் வீணே கடலில் விழுவது உண்மை. மூன்று முழ அணை கட்டி, அவ்வெள்ளத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தங்கள் ஏரிகளை நிரப்பினால் மேல்கரை வாழும், உப்பங்கரையும் பிழைக்கும். சேந்தன் இதைச் சொன்னபோது, மூன்று முழத்தில் சிலை நின்றால் ஆடு மேய்ப்பவர்கள் அதன்மேல் துணி காயப்போடுவார்கள் என்று தாங்கள் மறுத்ததாகக் கேள்வி.

ஆகவே அரசாணை: அணையின் உயரத்தைத் தாங்களே முடிவு செய்க. மூன்று முழமோ பன்னிரண்டோ, கல்லும் ஆளும் அரண்மனை தரும். அணை எழும் நாளில், தலைமடையில் தங்களுக்குச் சொந்தமான அறுபது வேலியும், உப்பங்கரைக் கடைமடையின் அறுபது வேலியும் ஒன்றுக்கொன்று மாற்றாகக் கைமாறும். பூதியின் நிலம் அதில் முதலாவது. கீழே எவருக்கும் குறைவில்லை என்று தாங்களே எழுதியிருப்பதால், இதில் தங்களுக்கு நட்டம் வர வழியில்லை.

எத்தனை முழம் என்பதைப் பூதியின் வரப்பில் நின்று எழுதி, இம்மாதம் முடியுமுன் அனுப்புக. இதற்குச் சான்றாக நாரை இலச்சினை பதித்தோம். அங்கே போகப் படகு வேண்டாம். இருக்கும் நீர் ஒரு கரையோரம் ஒதுங்கிவிட்டது, ஆற்றின் நடுவிலேயே நடந்து போகலாம். செருப்பை மறக்க வேண்டாம், மணல் சுடும்.