பென்சிலில் எழுதிய எட்டாவது வரி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். உன் அப்பாவின் முதுகைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்ல முடியாது.

நீ அனுப்பிய அட்டவணை வந்தது. நம் சலவைக்கடையை எந்தப் பக்கம் வளர்ப்பது என்று நானும் அப்பாவும் மூன்று மாதமாக மல்லுக்கட்டுகிறோம். அதற்கு ஒரு தாளில் பதில் கிடைக்கும் என்றாயே, எனக்கு நம்பிக்கையே இல்லை. அதனால் முதலில் அப்பாவின் மீசையை வைத்துச் சோதித்தேன். வைத்திருக்கலாம், எடுத்துவிடலாம் என்று இரண்டு கட்டம். நீ சொன்னபடியே காரணங்களை எழுதி, எது எவ்வளவு முக்கியம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுத்து, எல்லா எடையும் சேர்ந்து ஒன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் போட்டுப் பெருக்கிக் கூட்டினேன். மீசை ஜெயித்தது. அவருக்கு ஒரே பெருமை. இவ்வளவு நாளாக இதை எங்கேயடி ஒளித்து வைத்திருந்தாய்?

ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி மேசையில் தாளை விரித்தோம். ஒரு பக்கம், அப்பாவின் ஆசைப்படி, ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளை மொத்தமாக எடுத்துத் துவைப்பது. இன்னொரு பக்கம், நான் சொல்கிற மாதிரி, புதுக் குடியிருப்புக்கு அருகே சின்னதாக ஒரு கிளை. ஏழு காரணங்கள். அப்பாவின் முதுகுக்கு 0.25 எடை. அந்த வரியில், ஈர விரிப்பைத் தூக்கும் ஆஸ்பத்திரி வேலைக்கு ஒன்றுதான், கிளைக்கு நான்கு. கடைசியில் கிளைக்கு 3.10, ஆஸ்பத்திரிக்கு 2.25.

மறுநாள் காலை, சரிபார்க்கலாமே என்று கூட்டினால் ஆஸ்பத்திரி 2.85, கிளை 2.50! ஒரே நாளில் எண்ணுக்குக் கால் முளைத்ததா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகத் தேடினேன்.

அடியில், பென்சிலில், அப்பாவின் கையெழுத்தில், எட்டாவதாக ஒரு காரணம்: ‘பாப்பா திரும்பி வந்து நடத்துவாள்.’ எடை 0.20. ஆஸ்பத்திரிக்கு நான்கு, கிளைக்கு ஒன்று. மொத்தம் ஒன்றைத் தாண்டக்கூடாதல்லவா? அந்த 0.20-ஐ எங்கிருந்து எடுத்தார் என்று பார்த்தேன். முதுகிலிருந்து. அதற்கு இப்போது வெறும் 0.05.

கேட்டால், “இவ்வளவு படிச்ச பொண்ணு இஸ்திரி மேசைக்கா வருவா? பெருசா ஏதாவது இருந்தாத்தானே வருவா” என்கிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஒரு வாளித் தண்ணீரைத் தூக்க முடியாத மனுஷன்!

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மாறாத காரணம் என்றால் எண் போடாமல் இரண்டு கட்டத்திலும் கோடு போட்டுவிடச் சொல்லியிருந்தாய். நீ வருவதும் வராததும் நாங்கள் எதை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது இல்லை என்று எனக்குத் தெரியும். கோடு போடத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நானும் பெற்றவள்தானே.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த வரியின் எடையை அழித்துக் காலியாக விட்டிருக்கிறேன். மாதக் கடைசிக்குள் ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் நீயே ஓர் எண் போட்டு அனுப்பு. எங்கள் மனசுக்காகப் போடாதே. சைபர் என்றாலும் தயங்காமல் போடு. அந்த 0.20 அப்பாவின் முதுகுக்கே திரும்பிப் போகும்.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு, கண்ணே.

அம்மா