சரம் பின்னிக்கொண்டே படித்த அரபு ஜெபம்

அத்தை,

நாளை உங்களுக்கு முதலாம் ஆண்டு. கல்லறைத் தோட்டத்தில் பாட ஒரு பாட்டுப் பார்த்துவைக்கலாம் என்று இன்று மதியம் உங்கள் பழைய பாட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். நடுவிலிருந்து ஒரு பட்டாசுப் பெட்டி லேபிள் மடியில் விழுந்தது. முன்பக்கம் மயில். நீலம் விலகி அச்சாகிவிட்டதால் பிரஸ்ஸில் கழித்துப்போட்டது. பின்பக்கம் உங்கள் கையெழுத்து, எழுத்துக்கு எழுத்து அவ்வளவு இடைவெளி விட்டு. ‘யா ரப், கமா கரஜ்னா ஃபிஸ்ஸபாஹ், அஇத்னா ஃபில்மஸா ஸாலிமீன்.’ வெடியுப்பு வாடை இன்னும் அதில் இருக்கிறது.

நான் அரபு படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று நீங்கள் போட்ட சண்டையை மறக்கவில்லை. சிவகாசி பிரஸ்ஸில் வளைகுடா ஆர்டருக்கு நோட்டு அட்டை அடுக்கிக்கொண்டிருந்தவள் நான். தினமும் ஆயிரம் தடவை கண்ணில் படுகிற எழுத்தை வாசிக்கத் தெரியவில்லையே என்ற ரோஷத்தில் போனிலேயே படிக்க ஆரம்பித்தேன். அரபு நாட்டு அம்மான் நகரில் ஒரு வருடம் தங்கிப் படிக்க உதவித்தொகை கிடைத்ததும் உங்கள் மகன் சரி என்றார். நீங்கள்தான் தட்டை டக்கென்று கீழே வைத்தீர்கள். “இங்கிலீசே ஒனக்கு தத்தக்கா பித்தக்கான்னு வருது. இதுல அரபி கேக்குதோ?” என்றீர்கள். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் கிளம்புகிற அன்று பருப்புப்பொடி, மாவடு, கருவாடு எல்லாம் கட்டி வைத்திருந்தீர்கள். கருவாட்டை அந்த ஊர் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டார்கள். அதை உங்களிடம் கடைசி வரை சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அம்மானில் முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனேன். நம்மைப் போலவே கிறிஸ்தவர்கள், நம்மைப் போலவே பெஞ்சு, மெழுகுவர்த்தி. ஆனால் எல்லோரும் அல்லாஹ் என்றுதான் ஆண்டவரைக் கூப்பிட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த ஊரில் அந்த மொழி பேசுகிற எல்லோருக்கும், எந்த மதம் என்றாலும், கடவுளுக்கு அதுதான் சொல் என்று பிறகுதான் தெரிந்தது. பயந்து பயந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அங்கன அப்படிக் கூப்பிடுறாகன்னா கூப்பிட்டுட்டுப் போறாக. அவருக்குக் காது கேக்குதுல்ல?”

நீங்கள் போனில் பேசுவது மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான். நீங்கள் வேலை பார்த்த ஆமத்தூர்ப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் கேட்டிலேயே போனையும் கொண்டை ஊசியையும் வாங்கிவைத்துக்கொள்வார்கள். ஒரு பொறி கிளம்பினால் போதும் என்பதால் உள்ளே இரும்பு ஆகாது. சாப்பாட்டு மணி அடித்ததும் தூக்குவாளியோடு வெளியே வந்து, போனை வாங்கிக்கொண்டு, உடைமரத்தடியில் உட்கார்ந்து கூப்பிடுவீர்கள். அங்கே எனக்கு அப்போது பத்து மணி, வகுப்புக்கு இடைவேளை. அப்படி ஒரு நாள்தான் கேட்டீர்கள்.

“ஏ பிள்ள, நான் தெனம் வேன் ஏறும்போது ஒரு ஜெபம் சொல்லுவேன்ல, காலையில போற மாதிரியே சாயங்காலம் முழுசா வீடு கொண்டாந்து சேரும் ஆண்டவரேன்னு. அத அந்தப் பாஷையில சொல்லிக்குடு. இம்புட்டு வருசமா தமிழ்லயே கேட்டு அவருக்கும் சலிச்சிருக்கும்.”

தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பினேன். நீங்கள் அதைப் பார்த்து மரத்தடியிலேயே இந்த லேபிளின் பின்பக்கம் எழுதிக்கொண்டீர்கள். பட்டாசுச் சரம் பின்னும்போது ஒரு முடிச்சுக்கு ஒரு சொல் என்று மனப்பாடம் செய்தீர்கள். நாலு நாளில் ஒப்பித்துக் காட்டினீர்கள். ‘ஹ’ மட்டும் உங்களுக்குக் கடைசி வரை வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் சபை மாதர் சங்கக் கூட்டம். கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்த நீங்கள் வேகத்தில் அதையும் சொல்லிவிட்டீர்கள். பக்கத்தில் இருந்தவர் அல்லேலூயா என்று கத்தினார். இன்னொருவர் விம்மி அழுதார். உங்கள் மேல் பரிசுத்த ஆவி இறங்கி அந்நிய பாஷை வந்துவிட்டது என்று ஊரே பேசியது. பிள்ளைக்குச் சுகமில்லை, தலையில் கை வையுங்கள் என்று இரண்டு பேர் வீட்டுக்கே வந்தார்கள். கமிட்டித் தலைவரும் வந்து, நம் சபைக்கு இப்படி ஒரு வரம் கிடைத்ததே என்று கும்பிட்டுவிட்டுப் போனார். நீங்கள் போனில் சிரித்துச் சிரித்து இருமினீர்கள். நான் சிரிக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுங்கள் அத்தை என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை எழுந்து நின்று சொல்லியும் விட்டீர்கள். “அது ஆவியில்ல தாயி. எம் மருமக வாட்ஸப்புல அனுப்புன அரபி.”

அவ்வளவுதான். கும்பிட்ட அதே கமிட்டித் தலைவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். “மைனி, தப்புப் பண்ணிட்டேன்னு சபை முன்னால ஒரு வார்த்த சொல்லிருங்க. மருமகளையும் பாதியில வரச் சொல்லுங்க. விட்டா அந்தப் பிள்ள மதம் மாறித்தான் வரும்.”

நீங்கள் சொன்னதை அன்று அங்கிருந்த நாலு பேர் எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள். நாலு பேர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது. “அண்ணாச்சி, போன வாரம் இதே வார்த்தைக்குத்தான கும்பிட்டீக? வார்த்த மாறல, நீங்கதான் மாறிட்டீக. எம் மருமகள ஏசணும்னா நான் ஏசிக்கிடுவேன். வேற ஒருத்தரும் ஏசப்படாது.”

சங்கத்திலிருந்து உங்கள் பெயரை எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தீர்கள். அது வரை கடைசி பெஞ்சுக்காரர் நீங்கள்.

நான் படிப்பை முடித்துத்தான் திரும்பினேன். கழுத்தில் போட்டுப் போன அதே சிலுவைச் சங்கிலியோடு வந்தேன். வந்த அன்று நீங்கள் கேட்ட ஒன்றுதான் என்னைத் தின்கிறது. “நான் போனா, குழிக்குப் பக்கத்துல நின்னு எனக்கு அத அந்தப் பாஷையிலயே சொல்லு. கமிட்டிக்காரருக்குக் கேக்குற மாதிரி சத்தமாச் சொல்லு.” சரி அத்தை என்றேன்.

சர்க்கரை கூடிக் கூடி, கால் புண் ஆறாமல் போய்விட்டீர்கள். முப்பது வருடம் வெடிமருந்துக்குப் பக்கத்தில் இருந்த உங்களைத் தீ தொடவே இல்லை. அடக்கத்தன்று கமிட்டித் தலைவர் என் பக்கத்தில் வந்து நின்றார். “அந்த அரபி வேண்டாம். அடக்கம் நல்லபடியா முடியணும்லம்மா?” என்று காதோடு சொன்னார். உங்கள் மகன் குழி ஓரத்தில் உடைந்து நின்றார். குழி வெட்டியவர் கமிட்டித் தலைவரின் கண்ணசைவுக்காக மண்வெட்டியை ஊன்றி நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அத்தை. ஒரு வருடமாக அந்த வெட்கத்தோடுதான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். காலையில் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கும்போது மட்டும், ஏறுகிற பெண்களைப் பார்த்து ஜன்னலுக்குள் நின்று அதை முணுமுணுக்கிறேன்.

நேற்று கமிட்டித் தலைவர் நம் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்துவிட்டு, “நாளன்னைக்குத் தமிழ்ல மட்டும் ஜெபிப்போம்மா” என்றார்.

“தமிழ்லயும் ஜெபிப்போம் மாமா. அது முடிஞ்சதும் நான் அரபியில சொல்லுவேன்.”

“அப்ப கல்லறைத் தோட்டத்துக் கேட்டத் தெறக்க மாட்டோம்.”

இந்தத் தடவை நான் விடவில்லை. “தெறக்க வேண்டாம். கேட்டுக்கு வெளிய நின்னே சொல்றேன். அத்தை இத எழுதி எடுத்ததே கம்பெனி கேட்டுக்கு வெளிய உக்காந்துதான்.”

அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். உங்கள் மகன் டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தார்.

லேபிளை மறுபடியும் பாட்டுப் புத்தகத்தில் வைக்கவில்லை. என் முந்தானையில் முடிந்துவைத்திருக்கிறேன். நாளைக் காலை எட்டரை மணி, அத்தை. நான் எங்கே நின்று சொன்னாலும் உங்களுக்குக் கேட்கும். கமிட்டிக்காரருக்கும் கேட்கும்.