உன் பெயரில் நான் எழுதிய சோதனைகள்

இந்தியாக்காரி என்று கூப்பிட்டாலும் எனக்குக் கோபம் வராத ஒரே மச்சாள் டிலக்சிக்கு,

முதலில் நான் கவனித்தது அந்த மிஸ்ஸின் குரலைத்தான். நீ போய்ச் சில கிழமைகளுக்குப் பிறகு உன் போனைத் திறந்தேன். நீ பாதியில் விட்ட பாடம் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கியது. அந்த வெள்ளைக்கார மிஸ் நித்திரையில் பேசுவதுபோல இழுத்து இழுத்துப் பேசினார். போன் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், நீ வேகத்தைக் குறைத்து வைத்திருந்தாய்.

"உனக்காகத்தான் இந்த லாண்ட்மாஸ்டர் உழவுமெசின் வேகம். எனக்கு ஓட விட்டாலும் விளங்கும்" என்று சொல்வாயே. ஆனால் அந்தப் பாடத்தைப் பார்க்கும்போது நான் உன் பக்கத்தில் இல்லை. நீ தனியாகப் பார்த்தது அது. அப்போதும் ஏன் மெதுவாகவே வைத்திருந்தாய்? உனக்கும் விளங்கவில்லையா? இல்லை, மாற்ற மறந்துபோனாயா?

இதை வேறு ஆட்களும் வாசிக்கக்கூடும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். உன் அம்மா என் அப்பாவின் தங்கச்சி. சண்டைக் காலத்தில் அப்பா படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனார். மாமி இங்கே, பேசாலையிலேயே இருந்துவிட்டார். நான் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கே ஒரு முகாமில். நாங்கள் திரும்பி வந்தபோது மாமிதான் தன் வளவில் ஒரு துண்டைத் தந்து வீடு கட்டச் சொன்னார்.

இங்கே பள்ளிக்கூடத்தில் என்னை வயதுக்குக் குறைந்த வகுப்பில் இருத்தினார்கள். வாயைத் திறந்தால் பிள்ளைகள் சிரித்தார்கள், என் தமிழ் வேறு மாதிரி என்று. வாயை மூடிக்கொண்டு கொஞ்சக் காலம் இருந்தேன். பிறகு ஒன்பதாம் ஆண்டோடு போகாமலே விட்டுவிட்டேன். மாமியோடு சேர்ந்து வலையில் சிக்கிய நண்டு கழற்றப் போனேன். நண்டு யாருடைய பேச்சைக் கேட்டும் சிரிக்காது.

நீ பதினோராம் ஆண்டு ஓ.எல். சோதனை எழுதிவிட்டு, பாஸா பெயிலா என்ற மறுமொழிக்குக் காத்திருந்த மாதங்கள் அவை. நேர்ஸாக வரவேண்டும் என்பது உன் ஆசை. எங்கேயோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் மனித உடலைப் பற்றி இணையத்தில் இலவசமாகப் படிப்பிக்கிறது என்று கண்டுபிடித்து, என்னையும் இழுத்தாய்.

"வா ரூபி, கம்பஸுக்குப் போவம்."

"ஒன்பதாவதோட நின்னவளை எந்தக் காலேஜ்ல சேர்ப்பாங்க?"

"காலேஜ் இல்லையடி இந்தியாக்காரி, கம்பஸ். இந்தக் கம்பஸுக்கு கேற் இல்லை. ஆரும் போகலாம்."

சேரும்போது ஒரு பெயர் கேட்டது. இரண்டு பேர் போட இடமில்லை. உன் பெயரைப் போட்டாய். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. என் பெயர் எங்கும் இல்லாவிட்டால் என்னை ஒருவரும் எழுப்பிக் கேள்வி கேட்க முடியாது.

கிணற்றுக்கட்டில் ஏறி உட்கார்ந்தால்தான் சிக்னல் பிடிக்கும். மிஸ்ஸின் இங்கிலீஸுக்கு அடியில் தமிழ் எழுத்து ஓடும். மனிதர் எழுதியதில்லை, இயந்திரம் எழுதியது. 'இரத்தக் கப்பல்கள் உடலெங்கும் ஓடுகின்றன' என்று ஒரு நாள் வந்தது. அது இரத்தக் குழாய், இங்கிலீஸில் இரண்டுக்கும் ஒரே சொல் என்று பிறகுதான் பிடிபட்டது.

"எத்தினை குதிரைவலு இஞ்சின் பூட்டியிருக்காம்?" என்றாய்.

"எந்தத் துறையில மீன் இறக்குமாம்?" என்றேன் நான்.

நீ சிரித்த சிரிப்பில் போன் கிணற்றுக்குள் விழப் பார்த்தது. "எங்கட ரூபி பகிடி விட்டவள்" என்று அன்று பின்னேரம் முழுக்கக் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தாய்.

நண்டு கழற்றும் இடத்துக்கும் பாடத்தைக் கொண்டு வந்தாய். என் தோளில் தட்டி எலும்பின் பெயர் கேட்பாய். சொல்லாவிட்டால் நண்டுக் காலால் குத்துவாய். "என்னடி இது, ஆளை ஆள் தட்டிக் கொண்டு? வலையைப் பாருங்கோ" என்று மாமி பேசுவார். அவருடைய முழங்காலையும் நீ விட்டுவைக்கவில்லை.

கூடப் படிக்கிறவர்கள் எழுதிய விடைகளுக்கு நாங்கள் புள்ளி போட வேண்டிய பாடங்களும் வந்தன. எந்த நாட்டுக்காரரோ, முகம் தெரியாத ஆட்கள். பயத்தில் எல்லாருக்கும் முழுப் புள்ளி போடச் சொன்னேன். "ஈரல் இடப்பக்கம் எண்டு எழுதியிருக்கிறான். இவனுக்கும் முழுப் புள்ளியோ? நாளைக்கு இவன் டொக்டரா வந்து உன்ர வயித்தை வெட்டினால்?" என்று கேட்டாய்.

ஒவ்வொரு சோதனை முடிவிலும் ஒரு பெட்டி வரும். 'இதை நானே செய்தேன், வேறு யாரும் செய்யவில்லை' என்று உறுதி சொல்லிப் பெயரை முழுதாகத் தட்ட வேண்டும். நீ தட்டுவாய். "ரெண்டு பேர் செய்தது. பொய்தானே?" என்று ஒரு நாள் கேட்டேன். "பாதிப் பொய். பாவசங்கீர்த்தனத்தில பாதியைச் சொல்லுறன்" என்றாய்.

மிச்சப் பாதியை நான் முழுப் பொய்யாக்கிவிட்டேன், மச்சாள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போக, நீயே நடந்து போய் வான் வண்டியில் ஏறினாய். திரும்பி வரும்போது பெட்டியில் வந்தாய்.

உன் கைகளைச் சேர்த்துச் செபமாலை சுற்றியிருந்தார்கள். எல்லாரும் அழுதார்கள். நான் உன் விரல்களைப் பார்த்துக்கொண்டு எலும்புகளின் பெயர்களை மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். நிறுத்த முடியவில்லை. மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு வந்தபோது பெட்டியை மூடினார்கள். உன்னைப் பார்க்க வேண்டிய கடைசி நேரத்தில் நான் பாடம் பார்த்தேன். அதற்காகவே உன்னிடம் முழங்காலில் நிற்க வேண்டும்.

அடுத்த மாதம் உன் ஓ.எல். மறுமொழி வந்தது. நல்ல மறுமொழி. நீ கேட்ட பாடத்துக்குப் போயிருப்பாய். மாமி அதைக் கேட்டுவிட்டு வலையைக் கைவிட்டு மணலில் இருந்துவிட்டார். "போன பிள்ளைக்கு இப்ப அனுப்புறாங்கள்" என்று மட்டும் சொன்னார்.

உன் போனை மாமி சார்ஜ் இறங்க விடுவதில்லை. ஒரு நாள் என்னிடம் கொண்டு வந்தார்.

"இதில டிங் டிங் எண்டு ஏதோ வருது பிள்ளை. எனக்கு விளங்கேல்லை. பாரன்."

'டிலக்சி, உங்களைக் கொஞ்ச நாளாகக் காணவில்லை. பாடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது' என்று இருந்தது. வாசித்துச் சொன்னேன்.

"அப்ப அவங்களுக்கு விசயம் தெரியாதோ?"

"தெரியாது மாமி. எழுதிவிடட்டா?"

"வேண்டாம். அங்கையாவது இருக்கட்டும்."

அதன் பிறகுதான் பாடத்தைத் திறந்தேன். அந்த மெதுவான குரலை முடியும் வரைக்கும் கேட்டேன். பாடம் முடிய, சோதனை வந்தது. எழுதினேன். பெட்டி வந்தது. உன் பெயரைத் தட்டினேன்.

மறுநாள் மாமி போனோடு ஓடி வந்தார். 'வாழ்த்துகள் டிலக்சி, நீங்கள் சித்தியடைந்துவிட்டீர்கள்' என்று வந்திருந்தது.

"இதுவும் ஓ.எல். மாதிரியோ? அவள் முந்தி எழுதினதுக்கு மறுமொழி இப்பதான் வருதோ?"

நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். வாய் திறக்காமலே பொய் சொல்ல எனக்குத் தெரியும் என்று அன்றுதான் அறிந்தேன்.

மாமி அன்று பக்கத்து வீட்டு வேலியடிக்குப் போனார். "வெளிநாட்டுக் கம்பஸில இருந்து வந்திருக்கு. என்ர பிள்ளை பாஸ்" என்றார். நீ போன பிறகு அவர் குரலை உயர்த்திப் பேசியது அப்போதுதான். அந்த ஞாயிறு கோயில் வாசலிலும் சொன்னார், நான் பக்கத்தில் நின்று கேட்டேன். இந்த ஒரு தடவையோடு விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் மாமி காலையில் என்னைக் காணும்போதெல்லாம் "மறுமொழி ஏதும் வந்ததோ?" என்று கேட்கத் தொடங்கினார். நான் பின்னேரங்களில் கிணற்றுக்கட்டில் ஏறி உட்காரத் தொடங்கினேன்.

மாமிக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னிடம் அப்படிச் சொல்ல முடியாது. எனக்குப் பிடித்திருந்தது, மச்சாள். நீ இருந்தபோது நீ சொன்ன விடையைத்தான் அழுத்துவோம். இப்போது நான் யோசித்த விடை, அது சரியாகவும் வந்தது. சிறுநீரகப் பாடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒருநாளும் எடுக்காத புள்ளி எடுத்தேன். சந்தோசத்தில் கிணற்றுக்கட்டிலிருந்து குதித்தேன். குதித்த பிறகுதான் உன் நினைவு வந்தது. நீ இருந்திருந்தால் எனக்கு இது கிடைத்திருக்குமா என்று ஒரு எண்ணமும் அதன் பின்னால் வந்தது. எழுதக் கூசுகிறது. எழுதிவிட்டேன்.

போன மாதம் அப்பா என்னை மன்னார் ரவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வயது போனவர்களைப் பராமரிக்கப் பயிற்சி கொடுத்து வேலைக்கும் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பயிற்சிக் கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருந்த மிஸ் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

"என்ன படிச்சிருக்கிறீங்கள்?"

"ஒன்பது."

"பரவாயில்லை. வேற ஏதும் கோர்ஸ் செய்தனீங்களோ? உங்கட பேரில ஒரு சேர்ட்டிபிக்கேட் இருந்தால் நான் கதைச்சுப் பார்க்கலாம்."

"இல்லை மிஸ்."

அவர் பின்னால் சுவரில் ஒரு உடல் படம் தொங்கியது. அதில் இருந்த ஒவ்வொன்றுக்கும் எனக்குப் பெயர் தெரியும். "ஏதாவது கிடைச்சால் கொண்டு வாங்கோ, இடம் இருக்கு" என்று அனுப்பிவிட்டார். பஸ்ஸில் அப்பா கேட்டார்: "நீ அந்தப் போன்ல படிக்கிறதெல்லாம் என்ன பிள்ளை?"

"அது டிலக்சியோட படிப்பு அப்பா" என்றேன். அப்பா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து உன் மேல் எனக்குப் பொறாமை. போய்ச் சேர்ந்த ஒருத்தி மேல் பொறாமைப்படுகிற ஆளைப் பற்றி நீ என்ன நினைப்பாய்?

இதற்குள் பாடங்கள் எல்லாம் முடிந்து கடைசிச் சோதனை மட்டும் மிச்சம் இருந்தது. அதை எழுதினால் சேர்ட்டிபிக்கேட் தருவார்கள். மாமிக்கு அது தெரிந்ததும் உன் படத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஆணி அடித்துவிட்டார். "அவளின்ர ஆண்டுத் திருப்பலிக்கு முதல் வந்திடுமோ? வந்தால் பிரேம் போட்டு, கோயில் சாமியாரைக் கொண்டு மந்திரிச்சு இந்த ஆணியில கொழுவலாம்" என்றார்.

கடைசிச் சோதனையின் எல்லாக் கேள்விக்கும் விடை அழுத்தினேன். பெட்டி வந்தது. உன் பெயரின் முதல் எழுத்தைத் தட்டிவிட்டு அப்படியே இருந்தேன். என் பெயரைப் போட்டால் அது ஏற்காது. உன் பெயரைப் போட்டால் அந்த ஆணியில் என் பொய் தொங்கும், நானும் வெறுங்கையோடு நிற்பேன். தட்டிய எழுத்தை அழித்துவிட்டு மாமியிடம் போனேன். அவர் வலையோடு இருந்தார்.

"மாமி, ஓ.எல்.லுக்குப் பிறகு போனில வந்த மறுமொழி ஒண்டும் அவள் எழுதினதுக்கு வந்தது இல்லை. அவள் போன பிறகு நான் எழுதினனான். அவளின்ர பேரில."

மாமியின் கை நின்றது.

"அப்ப என்ர பிள்ளை பாஸ் இல்லையோ?"

"முதல் பாதி அவள்தான் மாமி. பிறகு வந்தது..."

"நான் கோயில் வாசலில நிண்டு சொன்னனான். நீ பக்கத்தில நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டனி."

"ஓம் மாமி."

"வாயில்லாப் பிள்ளை எண்டு நினைச்சன்."

போனை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதன் பிறகு வலைக்கு என்னைக் கூப்பிடவில்லை. மாமி தனியாக இருந்து கழற்றுவதை எங்கள் வாசலில் நின்று பார்த்தேன். இரண்டு தரம் அவர் வேலிப் படலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

இன்று பூசை முடிந்து வந்த மாமி, உடுப்பும் மாற்றாமல் நேரே கிணற்றடிக்கு வந்தார். கையில் உன் போன்.

"அவள் கடைசியாத் தன்ர கையால எழுதினது எது? காட்டு."

இருதயப் பாடத்துச் சோதனையைக் காட்டினேன். அரும்பொட்டில் சித்தி, ஒரு புள்ளி குறைந்தாலும் பெயில்.

"இவ்வளவோ?"

"அண்டைக்கே தலையிடி எண்டவள் மாமி. நான் கூட இருக்கேல்லை. தனிய இருந்து எழுதினவள்."

மாமி திரையைத் தொட்டார். படம் நகர்ந்துவிட்டது. திரும்பக் காட்டச் சொன்னார். காட்டினேன். நின்ற நிலையிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது காணும், எனக்குப் போதும்" என்றார். "இது அவளின்ர. மற்றதுகள் எனக்கு வேண்டாம்."

போனைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். என்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. கோபம் போய்விட்டதா மச்சாள்? உன் அம்மாவை உனக்குத்தானே தெரியும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் பெயரில் இனி ஒரு எழுத்தும் எழுத மாட்டேன். அந்தக் கடைசிச் சோதனை அப்படியே கிடக்கட்டும். முடிக்காத பிள்ளைகளை அவர்கள் விடாமல் கூப்பிடுவார்கள். உன்னைக் கூப்பிடும்போதெல்லாம், மாமி கேட்டால், உள்ளதை உள்ளபடி வாசித்துச் சொல்வேன்.

மாமி போன பிறகு கிணற்றுக்கட்டில் ஏறி உட்கார்ந்தேன். உன் கணக்கிலிருந்து வெளியே வந்து, அதே படிப்பில் முதலாம் பாடத்திலிருந்து சேரக் கேட்டேன். பெயர் என்ன என்றது. என் பெயரைத் தட்டினேன்.

உன் மாமா மகள்,
ரூபினி