றுஷ்தாவை ஒளிச்சு வச்ச நாள்

மூதூர்

அன்பு மகன் நஸ்ரிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவும் நானும் தங்கச்சியும் இங்க சுகம், கட்டாரில உங்கட சுகத்துக்கும் அல்லாஹ் போதுமானவன். சுகம் எண்டு எழுதிப்போட்டு பேனையை வச்சிட்டு எழும்பிப் போனன், திரும்ப வந்து இருக்கிறன், மனம் ஒரு இடத்தில நிக்குதில்ல. போனில இதைச் சொல்ல ஏலாது, தங்கச்சி றுஷ்தா பக்கத்திலயே நிப்பாள், அதான் லீவு முடிஞ்சு அங்க வாற றுவைஸிட்டக் குடுத்து விடுறன்.

ஆறு மாசத்துக்கு முந்தி தங்கச்சிட கையில ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது, தேமல் எண்டு விட்டுட்டன். பிறகு பெருத்து, கண்ணிமையிலயும் வந்திட்டு. மீனும் பாலும் சேர்த்துக் குடுத்த பிழை எண்டு ஆக்கள் சொல்ல மீனை நிப்பாட்டினன், ஆரோ தந்த எண்ணெயைத் தேய்ச்சன், கொப்புளிச்சுப் போச்சு, புண் ஆறின இடமும் வெள்ளை. பிறகுதான் வாப்பா திருக்கோணமலைக்குத் தோல் டொக்டரிட்டக் கூட்டிப் போனார். இது குட்டமில்ல, ஆருக்கும் தொத்தாது, சாப்பாட்டால வாறதுமில்ல எண்டு டொக்டர் பூரணி சொன்னா. கிருமியை அடிக்க உடம்பு வச்சிருக்கிற காவல், ஆள் தெரியாம, தோலுக்கு நிறம் குடுக்கிற கலங்களை அடிக்குதாம். தோல் காயப்பட்டா அந்த இடத்திலயும் வரலாமாம். அதைக் கேட்டு எனக்குத் தலை நிமிர ஏலாமப் போச்சு. வீட்டில ஆருக்கும் தைரொயிட் வருத்தம் இருக்கா எண்டு கேட்டா, எனக்கு இருக்கு எண்டு என்ட கிளினிக் கொப்பியைக் காட்டினன். அதுவும் உடம்பு தன்னையே அடிக்கிற வகைதானாம், குடும்பத்தில ஓடலாமாம், ஆனா உங்கட குற்றமில்ல எண்டா. தங்கச்சிட தைரொயிட் இப்ப சரி, இடைக்கிடை பார்க்கட்டாம். பூச மருந்து தந்திருக்கு, இமையில நிறம் மெல்ல வருது, கையில இன்னும் இல்ல.

இனித்தான் சொல்லக் கூசுற கதை. போன மாசம் உங்களுக்குப் பேசின ஹுஸ்னியாட வீட்டாக்கள் கிண்ணியாவில இருந்து வந்தாங்க. புள்ளையைக் கண்டா சம்பந்தம் குழம்பிப் போகுமோ எண்டு பயந்து அவளைச் சாச்சி வீட்டுக்கு அனுப்பிட்டன். பின்னேரம் வந்து, உம்மா, நஸ்ரி நானாட கலியாணத்துக்கும் நான் சாச்சி வீட்டிலயா நிக்கணும் எண்டு கேட்டாள். அழவுமில்ல மகன். ஒன்பது வயசு.

மூணாம் நாள் ஆரையும் கேட்காம ஹுஸ்னியாட உம்மாவுக்குப் போன் எடுத்து எல்லாம் சொன்னன், என்ட தைரொயிட் வருத்தத்தையும் ஒளிக்கல்ல. பதினொரு நாள் கழிச்சு ஆள் விட்டாங்க, பொண் இன்னும் படிக்கணுமாம். ஓம் எண்டன். அது என்னால போன சம்பந்தம். உங்கட வாழ்க்கையில கை வச்சிட்டேனோ எண்டு துடிக்கிறன், ஆனா திரும்ப ஒளிக்கச் சொன்னா என்னால ஏலாது.

நீங்களும் ஒருக்கா இரத்தம் குடுத்துத் தைரொயிட்டைப் பாருங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க. அல்லாஹ் உங்கட உழைப்பில பறக்கத்தையும் நெஞ்சில பொறுமையையும் தரட்டும். சம்பந்தம் போன காரணம் தங்கச்சிக்குத் தெரியாது. கோபமெண்டா எனக்கு எழுதுங்க, அவளோட கதைக்கேக்க குரலில காட்டிப் போடாதீங்க.

உங்கட உம்மா,
றுக்கியா