உன் இடப்பக்கத்து மூச்சு

முகப்பேர் வீட்டை உன் மனைவி காலி செய்கிறாள். பீரோவை நகர்த்தப் போனேன். அதன் பின்னால் உன் எக்ஸ்ரே படங்கள் இரண்டு கிடந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றில் ஒரு பக்கம் முழுக்க வெள்ளை. மற்றதில் இரு பக்கமும் கறுப்பு. எது நல்லது என்று ஒரு கணம் குழம்பிவிட்டேன்.

முதல் படம் எடுத்த அன்றும் இப்படித்தான் விழித்தோம். "கறுப்பா தெரியறது காத்து. இடப்பக்கம் புத்துக்கட்டி மூச்சுக்குழாயை அடைச்சிருக்கு, நுரையீரல் சுருங்கிப்போச்சு. கதிர்வீச்சு கொடுத்தா கட்டி குறைஞ்சு நுரையீரல் விரியலாம். ஆனா நோய் போகாது," என்றார் டாக்டர். நீ என் பக்கம் திரும்பினாய். "இன்னா மாமே, ஊட்டுக் கதவைத் தொறந்து உடுவாங்களாம், திருடன் உள்ளயே இருப்பானாம்?"

ஆவடி பஸ்ஸில் நான் டிரைவர், நீ கண்டக்டர். புறப்படச் சொல்லும் உன் இரட்டை வாய் விசில் கேட்டுத்தான் வருஷக்கணக்காக என் கால் ஆக்சிலேட்டரை மிதித்தது. அந்த நீ மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாய்.

மார்பில் மையால் கோடு போட்டு, 'கரண்டு' வைத்தார்கள்; கதிர்வீச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தொண்டை எரிந்து கஞ்சிகூட இறங்கவில்லை. "ஒண்ணும் ஆவலயே," என்றாய். எனக்கும் அதே சந்தேகம். பிறகு, கொஞ்சங் கொஞ்சமாக உன் பேச்சில் இளைப்பு குறைந்தது. இரண்டாவது படம் எடுத்த அன்று ஆட்டோ பிடிக்க முன்னால் நடந்தேன். பின்னாலிருந்து இரட்டை விசில். என் வலதுகால் தானாகத் தரையில் அழுந்தியது. நீ சிரித்தாய்; இருமவில்லை.

அந்த வாரமே செம்பரம்பாக்கம் போகலாம் என்றாய். ஏரிக்கரை மேட்டில் நிற்காமல் ஏறினாய். மேலே போனதும் கேட்டாய்: "மாமே, இப்ப நான் பொழச்சிட்டேனா, இல்லியா?"

டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. நீ ஏறியதையும் கண்ணால் பார்த்தேன். இரண்டில் எதை நம்புவது? உன் பக்கத்தில் வந்து நின்றேன். நீயே தண்ணீரைப் பார்த்தபடி, "சரி உடு. காத்து நல்லா கீது," என்றாய்.

மழைக்காலம் முடிவதற்குள் நோய் கல்லீரலுக்குப் பரவி, நீ போய்விட்டாய். கடைசிவரை மூச்சுக்கு மட்டும் திணறவில்லை. அதற்காகச் சந்தோஷப்படுவதா, ஏமாந்தோம் என்று நினைப்பதா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அன்று அந்த மேட்டில் காற்று நன்றாகத்தான் இருந்தது. நானும் பக்கத்தில் நின்றேன்.