கணுக்கால்காரருக்கு ஒரு பதில்

பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

குண்டூசி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் பேசலாம் என்றால் இரண்டாவது நிமிடமே அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். பின்னால் தையல் மிஷினை ஓட்டிக்கொண்டே "என்ன சொல்றா, என்ன சொல்றா" என்று நீங்கள் கேட்பது மட்டும்தான் எனக்குக் கேட்கிறது. அதனால் ஹாஸ்டல் காலத்து வழக்கத்துக்கே திரும்பிவிட்டேன். கடிதத்தை அம்மாவால் பிடுங்க முடியாது. பிடுங்கினாலும் கண்ணாடியைத் தேடுவதற்குள் நீங்கள் படித்துவிடலாம்.

இப்போது என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். வார இதழில் எனக்கு ஒரு பக்கம் கொடுத்தார்களே, சிறுநீரகம் பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல? நாலு வாரம் ஆயிற்று. வந்த கேள்வி மொத்தம் ஒன்று. அதுவும் முடி கொட்டுவதைப் பற்றி. ஆசிரியர் நல்ல மனிதர்தான். "இந்த மாசம் பார்ப்போம் டாக்டர். இல்லேன்னா பக்கத்தைக் குறுக்கெழுத்துக்குக் குடுத்துடறேன், கோவிச்சுக்காதீங்க" என்கிறார்.

கோபம் இல்லை, வருத்தம்தான். என் அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எல்லாம் முற்றிய பிறகுதான் வருகிறார்கள். ஏன் முன்பே கேட்கவில்லை என்றால், "யார்கிட்ட கேக்குறது டாக்டர், கூச்சமா இருந்துச்சு" என்கிறார்கள். கூச்சப்படாமல் கேட்க ஓர் இடம் இருக்கட்டும் என்றுதான் அந்தப் பக்கத்தை ஆசையாக வாங்கினேன்.

உங்கள் முதுகு எப்படி இருக்கிறது? போனில் மூன்று தடவை கேட்டும் இதற்கு மட்டும் பதில் இல்லை.

உங்கள்
குண்டூசி


பிப்ரவரி 10

என் செல்லக் குண்டூசிக்கு,

அப்பாவின் ஆசிகள். நீ பெரிய டாக்டர் என்று இங்கே நான் பீற்றிக்கொண்டாலும், கடைத் தரையில் தவழ்ந்து குண்டூசி பொறுக்கி என் கையில் கொடுத்தவள்தான் எனக்கு ஞாபகம் வருகிறாள். ஒன்றைக்கூட வாயில் போட்டதில்லை. அப்போதே உனக்கு டாக்டர் புத்தி.

கேள்வி வரவில்லை என்று அழுகிறாயே, மனுஷ சுபாவம் தெரியாதவளா நீ? என் கடையில் இடுப்பளவைச் சத்தமாகச் சொன்னால் வந்தவர் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும். "முப்பத்தாறு" என்று வாயால் சொல்லிவிட்டு நோட்டில் நாற்பது என்று எழுதிக்கொள்வேன். இடுப்புக்கே இப்படி. சிறுநீரைப் பற்றி, ஆயிரம் பேர் படிக்கிற பத்திரிகைக்கு, எடுத்த எடுப்பில் எழுதிவிடுவார்களா? யாராவது முதலில் ஆரம்பித்துவைக்க வேண்டும். பிறகு பார், தபால்காரர் உன்னைத் திட்டுவார்.

கவலைப்படாதே. கேள்வி வரும். எனக்கு மனசில் படுகிறது.

பள்ளிக்கூடச் சீருடை இருநூறு தைக்கக் கிடக்கிறது. உன் அம்மாவுக்குப் போனில் நேரம் போதவில்லை. முதுகு இருக்கிறது, இருப்பதால் வலிக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்
அப்பா


மார்ச் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போடவேண்டும்! பதினோரு கடிதம்! ஆசிரியர் அலுவலகத்தில் உறைகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, கடிதங்களை மட்டும் ஒரு ஃபைலில் கட்டி அனுப்பியிருந்தார். மருத்துவமனை என்பதையும் மறந்து ஒரு கூச்சல் போட்டேன். நர்ஸ் ஓடிவந்து "யாருக்கு என்ன ஆச்சு" என்றார்.

அப்பா, எத்தனை விதமான மனிதர்கள்! ஒரு பஸ் ஓட்டுநர் கேட்கிறார்: "கிட்னியில் கல் இருக்கிறது. பீர் குடித்தால் கரைந்துவிடும் என்று கண்டக்டர் சொல்கிறார். கண்டக்டரை நம்பலாமா?" டிக்கெட் விஷயத்தில் மட்டும் நம்புங்கள், பீரில் கல் கரையாது, கல்லீரல்தான் கரையும் என்று எழுதினேன். மூன்று பிள்ளைகளின் தாய் ஒருத்தி, தக்காளி விதை உள்ளே போய்க் கல்லாகிவிடுமா என்று கேட்டிருக்கிறாள். அப்படியென்றால் உலகத்தில் பாதிப் பேர் கல்லுக்கு இரையாகியிருக்க வேண்டும் என்றேன். முதுகு வலித்தாலே கிட்னி கெட்டுவிட்டது என்று அர்த்தமா, ஒரே ஒரு கிட்னியோடு கல்யாணம் செய்துகொள்ளலாமா, நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் குடிப்பது... குடம் என்றுதான் எழுதியிருக்கிறார், பாவம்.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையெழுத்து. எல்லாவற்றுக்கும் ஒரே வாரத்தில் பதில் போட இடமில்லை, வாரம் மூன்றாகப் போடப்போகிறேன். குறுக்கெழுத்துக்காரர் வேறு பக்கம் தேடிக்கொள்ளட்டும்.

முதுகு இருப்பது எனக்கும் தெரியும் அப்பா. டாக்டரிடம் காட்டினீர்களா?

உங்கள்
குண்டூசி


மார்ச் 24

செல்லக் குண்டூசிக்கு,

ஒவ்வொரு வாரமும் மூன்று பிரதி வாங்குகிறேன். ஒன்று எனக்கு, ஒன்று அளவு பார்க்கிற கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்ட, ஒன்று கடைக்கு வந்து காத்திருப்பவர்கள் படிக்க. பேப்பரைக் கையில் கொடுத்துவிட்டு, நீ கேலி செய்த இடம் வந்ததும் சிரிக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். பீர் பதிலுக்கு எல்லோரும் சிரித்தார்கள். தக்காளிக்குச் சிரிப்பு கொஞ்சம் கம்மி. நீயும் கொஞ்சம் வாய்த்துடுக்கைக் குறைத்துக்கொள், கேட்கிறவர் மனசு நோகக்கூடாது.

உன் அம்மா உன் பக்கத்தைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டிக்கொண்டே இருக்கிறாள். குடித்தால் எழுந்து போகவேண்டும், போனால் தையல் அறுந்துபோகும். நான் ஜன்னலோரத்துச் செடிக்கு ஊற்றிவிடுகிறேன். செடி நன்றாக இருக்கிறது.

ஒரு சின்னக் குறை. கோபித்துக்கொள்ளாதே. எல்லோருக்கும் பதில் சொன்னாய், சரி. அந்தக் கணுக்கால் வீங்கின மனிதரை மட்டும் ஏன் விட்டுவிட்டாய்? மூன்று வாரமாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், வரவேயில்லை. அவரும் ஒவ்வொரு வாரமும் கடைக்குப் போய் வாங்கிப் பார்த்து ஏமாந்துதானே போவார்? பீருக்கு அரைப் பக்கம் ஒதுக்கினவளால் அவருக்கு நாலு வரி ஒதுக்க முடியாதா?

சீருடையில் நூற்றைம்பது முடிந்தது.

அன்புடன்
அப்பா


மார்ச் 27

அப்பா,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளையே உங்கள் கையில் இருக்கும். போன் செய்து பார்த்தேன். "அவருக்கென்ன, மிஷின்ல ஜம்முனு உக்காந்திருக்கார்" என்றாள் அம்மா. அவளிடம் எதுவும் சொல்லவில்லை. நீங்களும் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கமாட்டீர்கள் என்று தெரியும்.

அந்தக் கணுக்கால் கடிதம் பத்திரிகையில் வரவே இல்லை அப்பா. கேள்வியும் வரவில்லை, பதிலும் வரவில்லை. அது இருப்பது என் மேஜை இழுப்பறையில். அப்படி ஒரு கடிதம் உண்டு என்பது எனக்கும் ஆசிரியருக்கும்தான் தெரியும். எழுதினவருக்கும் தெரியும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அதை வெளியே எடுத்தேன். கோணல்மாணலான எழுத்து. யாரோ கை நடுங்குகிற பெரியவர் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது நிதானமாகப் படித்தேன். "சாயங்காலமானால் கால் வீங்கிவிடுகிறது. செருப்பு வாரைப் போடமுடியவில்லை. காலையில் கணுக்கால் ஒன்பதேகால் அங்குலம், மாலையில் பத்தரை. சிறுநீர் நுரைத்துப் போகிறது. முதுகுவலிக்கு இரண்டு வருடமாகத் தினம் இரண்டு மாத்திரை போடுகிறேன். வேலையை விடமுடியாது. இது தானாகச் சரியாகிவிடுமா?"

இருபது வருடமாக வீங்கின கால்களைப் பார்க்கிறேன். கால் பூரித்துவிட்டது என்பார்கள், பொதபொதவென்று இருக்கிறது என்பார்கள். காலையும் மாலையும் டேப் வைத்து அளந்து, கால் அங்குலம் பிசகாமல் எழுத உலகத்தில் ஒரே ஒருவரால்தான் முடியும். அது முதல் தடவையே என் கண்ணில் படவில்லையே என்று என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது. பரிசோதனை செய்யாமல் இதற்குப் பத்திரிகையில் பதில் சொல்ல முடியாது, முகவரியும் இல்லை, ஆற அமர யோசித்து எழுதலாம் என்று எடுத்துவைத்தேன். எடுத்துவைத்துவிட்டுத் தக்காளி விதைக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

கேள்விக்கு இப்போது பதில். இல்லை, தானாகச் சரியாகாது. அந்த மாத்திரையை இன்றே, இந்த நிமிடமே நிறுத்துங்கள். வலிநிவாரணி தினம் இரண்டாக இரண்டு வருடம் என்றால் எந்தக் கிட்னியும் தாங்காது. நாளைக் காலையில் பக்கத்து லேபுக்குப் போய் ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், இரண்டும் பாருங்கள். ரத்த அழுத்தமும். அம்மா நீட்டும் தண்ணீரைச் செடிக்கும் ஊற்றவேண்டாம், ஒரேயடியாகக் குடிக்கவும் வேண்டாம். தாகத்துக்குக் குடியுங்கள், மீதியை நான் வந்து சொல்கிறேன். சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன்.

எனக்கு உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது.

குண்டூசி


மார்ச் 29

என் குண்டூசிக்கு,

நீ சனிக்கிழமை வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். நேரில் நீ முறைத்தால் எனக்குப் பேச்சு வராது.

ஆமாம், நான்தான். அந்த ஒன்று மட்டுமல்ல. பஸ் ஓட்டுநரும் நான், மூன்று பிள்ளைகளின் தாயும் நான், ஒரு கிட்னிக் கல்யாண மாப்பிள்ளையும் நான். குறுக்கெழுத்துக்கு உன் பக்கம் போய்விடும் என்றதும் மனசு கேட்கவில்லை. கடைக்கு வந்தவர்களைப் பிடித்து உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதவைத்தேன். "எழுதிக் குடுத்தாத்தான் சட்டை" என்றேன். தக்காளிக் கேள்வியை எழுதினவர் ஆறடி உயரப் போலீஸ்காரர். அவர் அவசரமாகச் சட்டை கேட்டார், பாவம்.

என்னுடையதை மட்டும் யாரிடமும் சொல்லி எழுதவைக்க முடியவில்லை. அதனால் இடது கையால் எழுதினேன்.

உன்னிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்பாய். கேட்டால் நீ ஓடிவருவாய், உன் அம்மா அழுவாள், கடையை மூடச் சொல்வீர்கள். வாசகனாகக் கேட்டால் டாக்டர் நாலு வரியில் பயப்படவேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று ஓர் ஆசை. கூச்சமாகவும் இருந்தது. பெற்ற பெண்ணிடம் எப்படியம்மா நுரையைப் பற்றிப் பேசுவது?

லேபுக்குப் போய்வந்தேன். கிரியாட்டினின் 1.9. புரதம் இரண்டு பிளஸ். ரத்த அழுத்தத்தைப் பார்த்த பெண் "உக்காருங்க ஐயா, நடக்காதீங்க" என்றாள். 1.9 என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. அங்குலமாக இருந்தால் தெரிந்திருக்கும். மாத்திரை டப்பாவை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லியும்விட்டேன். அவள் அழவில்லை. அரை மணி நேரம் திட்டினாள். பிறகு செடியையும் திட்டினாள்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, குண்டூசி. சீக்கிரம் வா.

இன்னொன்று. மொத்தம் பதினொன்று என்று எழுதியிருந்தாய். நான் அனுப்பியது என்னுடையதையும் சேர்த்து ஒன்பதுதான். குடத்துக்காரரும், முதுகுவலிக்காரரும் யார் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் நிஜம். நல்லபடியாகப் பதில் சொன்னாய் அல்லவா?

அப்பா


ஜூன் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று வந்த ரிப்போர்ட்டைப் பார்த்தேன். 1.9 இறங்கி 1.6 ஆகியிருக்கிறது. என் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் அழுதேன், பிறகு டீ குடித்தேன். நேரில் சொன்னதைத் திரும்பச் சொல்கிறேன்: போனது முழுதாகத் திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம். நீங்கள் காப்பாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். மிஷின் ஸ்டூலை உயர்த்தினதும், மணிக்கு ஒருமுறை அம்மா வந்து எழுப்பிவிடுவதும் உங்கள் முதுகுக்கு எந்த மாத்திரையையும்விட நல்லது. உப்பில்லாத சாப்பாட்டுக்கு முகம் சுளிக்கிறீர்களாம், புகார் வந்தது.

ஏப்ரலில் கணுக்கால்காரரின் கேள்வியை அப்படியே போட்டேன், நீங்கள் சரி என்ற பிறகு. முழுப் பக்கமும் அந்த ஒரு பதில்தான். கடைசியில், "கேட்கத் தாமதித்தது உங்கள் தவறு, பதில் சொல்லத் தாமதித்தது என் தவறு. நல்லவேளை, இரண்டு பேரும் ரொம்பத் தாமதிக்கவில்லை" என்று எழுதியிருந்தேன்.

அதற்கு என்ன வந்திருக்கிறது தெரியுமா? நாற்பத்து மூன்று கடிதம்! எல்லாவற்றிலும் கணுக்கால் அளவு, அதுவும் அங்குலத்தில். காலை இவ்வளவு, மாலை இவ்வளவு, நான் பரிசோதனைக்குப் போகட்டுமா டாக்டர்? ஒருவரிடம் டேப் இல்லையாம், இரண்டு கயிறு வெட்டி, சின்னது காலை, பெரியது மாலை என்று சீட்டுக் கட்டி அனுப்பியிருக்கிறார். நானே மேஜையில் வைத்து அளந்தேன். ஒன்றே முக்கால் அங்குலம் வித்தியாசம். நல்லவேளையாக முகவரி எழுதியிருந்தார். வரவழைத்துப் பார்த்தோம். சரியான நேரத்தில் வந்திருக்கிறார், பிழைத்துக்கொள்வார்.

இப்போது உண்மையைச் சொல்லுங்கள். இந்த நாற்பத்து மூன்றில் உங்களுடையது எத்தனை?

உங்கள்
குண்டூசி


ஜூன் 18

செல்லக் குண்டூசிக்கு,

ஒன்றுகூட இல்லை. சத்தியமாக. அந்தப் போலீஸ்காரர் வந்து "இன்னிக்கு என்ன சார் எழுதணும்" என்று தானாகவே கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சட்டையைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. என் வேலை போய்விட்டதே.

கயிறு அனுப்பினவருக்கு ஒரு டேப் அனுப்புகிறேன், முகவரி எழுது. என்னிடம் ஏழு இருக்கிறது.

கால்சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களிடம் இப்போது கணுக்கால் அளவும் எடுக்கிறேன். சந்தேகமாக இருந்தால் சாயங்காலம் ஒரு தடவை வரச் சொல்கிறேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெருவில் பேச்சு. இரண்டு பேர் லேபுக்குப் போயிருக்கிறார்கள்.

இந்த வாரத்துக் கணக்கு: காலை ஒன்பது, மாலை ஒன்பதேகால். அளந்தது உன் அம்மா. நான் அளந்தால் நீங்கள் இரண்டு பேரும் நம்பமாட்டீர்களாம்.

அன்புடன்
அப்பா